பட்டி பார்க்கும் முன் பென்சிலை எடுங்கள்

நாகப்பட்டினத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. கட்டிப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகின்றன. போர்ட்டிகோ பீமின் அடியில், இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை நீளவாக்கில் ஒரு கோடு ஓடியிருந்தது. "ரெண்டு தடவை பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சாச்சு சார், திரும்பத் திரும்ப வருது" என்றார் அந்த வீட்டு அம்மா. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கீறல் விழுந்த பானையைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்டது. கொத்தி எடுத்தபோது கம்பி துருவேறி ஏடு ஏடாக உரிந்து வந்தது. கம்பிக்கு வெளியே இருந்த கான்கிரீட் கவர் 15 மில்லிமீட்டர்கூட இல்லை. கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு நம் நாட்டுத் தரவிதி ஐ.எஸ். 456 கேட்பது 45 மில்லிமீட்டர்.

முப்பது ஆண்டுகளாக விரிசல்களைப் பார்த்து வருகிறேன். ஒன்றைத்தான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: விரிசலை மூடும் முன் அது எதனால் வந்தது என்று கேளுங்கள்.

விரிசல் என்றாலே பதற வேண்டாம். அழுத்தினால் கான்கிரீட் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவிசை வலிமை, அழுத்த வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். பாரம் ஏறியதும் பீம் சற்றே வளையும், அடிப்பக்கம் இழுபடும், அங்கே கான்கிரீட் மயிரிழையாக வெடிக்கும், அந்த இழுவையைக் கம்பி ஏற்றுக்கொள்ளும். கணக்குப் போடும்போதே இதை எதிர்பார்த்துத்தான் போடுகிறோம். பொதுவாக 0.3 மி.மீ. அகலம் வரையும், ஈரம் படும் இடங்களில் 0.2 வரையும், கடலோரம் போன்ற கடுமையான சூழலில் 0.1 வரையும் விதி அனுமதிக்கிறது. பீமின் நடுவில், அடியிலிருந்து நேராக மேலேறும் மெல்லிய கோடு பெரும்பாலும் இந்த வகைதான்.

தூணை ஒட்டிச் சாய்வாக ஏறும் கோடு வேறு. அது வெட்டு விசையால் வருவது. ரிங் கம்பிகளை இடைவெளி விட்டுக் கட்டிய பீம்களில் அதிகம் பார்த்திருக்கிறேன். வளைந்து உடையும் பீம் தொய்ந்து காட்டிவிட்டு உடையும். வெட்டு விசையில் உடையும் பீம் அவ்வளவு அவகாசம் தராது. சாய்ந்த கோட்டைக் கண்டால் அன்றைக்கே முட்டுக் கொடுங்கள், கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கம்பியின் போக்கிலேயே நீளமாக ஓடும் கோடு துருவின் வேலை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். அதன்மேல் பட்டி பார்ப்பது, சீழ் பிடித்த புண்ணைத் துணியால் மூடுவதற்குச் சமம்.

2018 மார்ச் 15 அன்று அமெரிக்காவின் மயாமியில், கட்டிக்கொண்டிருந்த பல்கலைக்கழக நடைமேம்பாலம் ஒன்று சாலையில் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். அதன் விரிசல்களை எல்லோரும் பார்த்திருந்தார்கள், படமும் எடுத்திருந்தார்கள். அன்று காலைகூட அவற்றைப் பற்றிக் கூட்டம் நடந்தது. ஆபத்தில்லை என்றார்கள். கீழே சாலையை மூடவில்லை.

எனக்கும் அப்படி ஒரு கூட்டம் உண்டு. இருபத்தேழு வயதில், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்ட ஒரு வீட்டில், சாய்ந்த விரிசல் ஒன்றைப் பூசிவிடச் சம்மதித்தேன். எட்டு மாதத்தில் அதே இடத்தில் அகலமாகத் திறந்தது. முட்டுக் கொடுத்து, பீமைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, யாருக்கும் அடிபடாமல் சரிசெய்தோம். அந்தச் சம்மதம் இன்னும் உறுத்துகிறது.

பீமின் நடுவில் நேராக மேலேறும் விரிசலைக் கண்டால் அதன் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அளவுகோலை ஒட்டிவைத்துப் படம் எடுங்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போகட்டும். நகராவிட்டால் மூடலாம். பென்சில் கோட்டைத் தாண்டினால் பொறியாளரை அழைத்து வாருங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள், கம்பிக்கு வெளியே கவர் குறையாமல் காக்கும் கவர் பிளாக் வைக்காமல் கான்கிரீட் போட விடாதீர்கள். ஆறு மீட்டர் வரையுள்ள பீமுக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் 21 நாள். அடுத்த வீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை வேண்டும் என்பதற்காக உங்கள் பீமின் முட்டை எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

அரசிடமும் ஒரு கோரிக்கை. நம் வீடுகளில் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கும். எந்தப் பீமில் எத்தனை கம்பி என்ற வரைபடம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. கட்டி முடித்தவர் அந்த வரைபடத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்த பிறகே கட்டட நிறைவுச் சான்று தர வேண்டும். அது இல்லாமல் விரிசலைப் படிப்பது, பழைய சீட்டு எதுவும் இல்லாமல் வைத்தியம் பார்ப்பது போன்றது.

நாகப்பட்டினத்து வீட்டில் போர்ட்டிகோவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது, கூடத்துப் பீமின் நடுவிலும் ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார் அந்த அம்மா. பேத்தியின் பென்சிலை வாங்கினேன். "நீங்க சொல்லுங்க சார், நானே எழுதறேன்" என்று நாற்காலியில் ஏறித் தேதியை எழுதினார்.