பள்ளிச் சிறுமியர் கையில் ஊர்ப் பதிவேடு

கூட்டுறவுச் சங்கத்தின் முதல் யாது என்று கேட்டால், அங்கத்தினர் செலுத்திய பங்குத் தொகை, சேம நிதி, கிடங்கிலுள்ள சரக்கு என்று எவரும் விடை கூறுவர். ஆனால் எந்த ஐந்தொகையிலும் ஏறாத முதல் ஒன்றும் நம்மிடம் உண்டு. உழவருக்கு அது விதை, வரப்பு மரம், ஏரி மீன், பயிர்ப் புழுவைத் தின்னும் பறவை. நெசவாளருக்கு அது பருத்தி, கோரை, அவுரி, சாயவேர். வாங்கிய கடனைத் தவணை தவறினாலும் வட்டியுடன் அடைத்துவிடலாம். அடியோடு அற்றுப்போன விதையை எவ்வளவு வட்டி கொடுத்தும் மீட்க இயலாது. இந்த முதலைக் காக்கும் பணியில் நமது ஊர்ப் பள்ளிச் சிறுமியருக்குத் தலைமை அளிக்கவேண்டும் என்பதே அங்கத்தினர் முன் நாம் வைக்கும் கருத்து.

இம்முதல் எவ்வாறு குறைந்தது என்பதை முதலில் நோக்குவோம். 1960-களின் நடுவில் ஐ.ஆர். 8, ஆடுதுறை 27 முதலிய நெல் ரகங்கள் வந்தன. அவை நாட்டின் பசியைத் தணித்தன; அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆயினும் அவை பரவிய வேகத்தில் மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, பூங்கார், காட்டுயானம், உவர் நிலத்தையும் தாங்கும் குழியடிச்சான் ஆகியவை பல ஊர்களின் குதிர்களிலிருந்து மறைந்தன. பருத்தியின் கதையும் இதுவே. தென்மாவட்டக் கரிசலில் மழையை மட்டுமே நம்பி விளைந்த கருங்கண்ணி, 2002-ஆம் ஆண்டில் மரபணு மாற்றிய பருத்திக்கு அனுமதி கிடைத்த பின்னர் மேலும் ஒதுங்கியது. வீரிய ஒட்டு விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்கியாக வேண்டும். கருங்கண்ணியின் விதையோ உழவன் வீட்டிலேயே இருந்தது. சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் செந்நிறம் தந்த சாயவேரை, 1869-இல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்ற செயற்கைச் சாயம் பின்னுக்குத் தள்ளியது. அந்த வேரை இனங்காணக் கூடியவர் இன்று ஊருக்கு எத்தனை பேர் என்று அங்கத்தினர் தாமே விசாரித்துப் பார்க்கலாம்.

எஞ்சியிருப்பதைக் காத்தவர் யார்? நிலம் ஆண் பெயரில் இருந்தது. சங்க அங்கத்துவமும் பெரும்பாலும் ஆண் பெயரிலேயே இருந்தது. விதையோ பெண் கையில் இருந்தது. துவரைக்குச் செம்மண் கட்டியதும், பயறுக்குச் சாம்பல் புரட்டியதும், வேப்பிலை இட்டுப் பானை வாயை மூடியதும், விதைக்கு எடுத்து வைத்ததை உலையில் இடாமல் பஞ்சத்திலும் காத்ததும் நமது தாய்மாரும் பாட்டிமாருமே. மகாராஷ்டிரத்தின் அகோலே வட்டத்தில் கொம்பாள்ணே என்ற சிற்றூரைச் சேர்ந்த ரஹீபாய் போப்பரே அம்மையார் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். நாட்டு விதைகளைத் திரட்டி விதை வங்கி அமைத்த அவருக்கு 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் நாட்டு நெல்லைப் பேணிய கமலா பூஜாரி அம்மையாருக்கு 2019-இல் அவ்விருது கிடைத்தது. அவர் 2024-இல் காலமானார். எழுத்தறியாத கைகள் இவ்வளவு செய்யுமாயின், தாவர நூலும் கணக்கும் கற்கும் சிறுமியர் கைகள் எவ்வளவு செய்யும்!

பாட்டியின் அறிவுக்கும் பேத்தியின் எழுத்துக்கும் இடையே பாலம் அமையாவிட்டால், முன்னது பாட்டியுடனேயே போய்விடும். எழுதி வைத்தலின் பயனுக்குச் சான்று வேண்டுமா? மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நமது நாட்டின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்து வழக்காடி, பழைய ஏடுகளைச் சான்று காட்டி, 1997-இல் அதை ரத்து செய்யவைத்தது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலுள்ள மஞ்சளை அன்று மீட்டுத் தந்தது எழுத்துச் சான்றே.

சட்டமும் இதற்கு இடந்தந்துள்ளது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமையவேண்டும். ஊர் மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்படவேண்டும். குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்கவேண்டுமென்று 2004-ஆம் ஆண்டு விதிகளிலேயே வகுக்கப்பட்டது. பணி மந்தமாக நடந்தமையால், 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 இலட்சம் ரூபாய் செலுத்த நேரிடும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதன் விளைவாக நாடெங்கும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட குழுக்கள் அமைந்தன.

ஏடுகளைப் பார்வையிடுவதே நமது உத்தியோகம். ஓர் ஏடு நடந்ததை நடந்தவாறு எழுதியதா, கேட்பவருக்குக் காட்டுவதற்காக எழுதியதா என்பது இரண்டு பக்கம் புரட்டினால் விளங்கிவிடும். ஒரே மையில், ஒரே மூச்சில் எழுதிய பன்னிரண்டு மாதக் கணக்கை எந்தத் தணிக்கையாளரும் நம்பமாட்டார். அபராதத்துக்கு அஞ்சி எழுதப்படும் பல்லுயிர்ப் பதிவேட்டுக்கும் அந்தக் கதியே நேரும். ஏரிக்கு எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது, எந்த வீட்டில் எந்த அவரை விதை உள்ளது, எந்தப் புறம்போக்கில் அவுரி முளைக்கிறது என்பவை ஒரு நாள் விசாரணையில் அகப்படும் செய்திகளல்ல. அவற்றை நாள்தோறும் காண்பவரே நாள்தோறும் எழுதவேண்டும். அங்ஙனம் காண்பவருள் எழுத்தும் அறிந்தவர், ஊரில் வயலோரம் நடந்து பள்ளி செல்லும் சிறுமியரே.

தலைமை என்று நாம் கூறுவதை விளக்குதல் அவசியம். பள்ளிகளில் 2001-ஆம் ஆண்டு முதல் தேசியப் பசுமைப் படை உண்டு. நற்பணிதான். ஆயினும் பல இடங்களில் சிறுமியருக்குக் கிடைப்பது பதாகை பிடித்து ஊர்வலம் செல்வதும், விருந்தினர் நட்ட கன்றுக்கு நீர் ஊற்றுவதுமே. அது தலைமையன்று, சிற்றேவல். தலைமைக்கு அடையாளம் மூன்று. பதிவேட்டை எழுதிக் கையொப்பமிடும் உரிமை ஒன்று. விதைப் பெட்டியின் சாவி இரண்டு. ஊரார் கூடிய சபையில் எழுந்து அறிக்கை வாசிக்கும் குரல் மூன்று. இம்மூன்றையும் கொடாமல் பெண்மக்களைப் புகழ்ந்து பேசுவது, பங்குத் தொகை செலுத்தாமல் லாபப் பங்கு கேட்பதை ஒக்கும்.

இதற்குக் கூறப்படும் ஆட்சேபங்களையும் நாம் அறிவோம். "பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்; அவளிடம் விதையைக் கொடுத்து என்ன பயன்?" என்பர் சிலர். போகிற இடத்துக்கு விதையையும் கொண்டு செல்வாள். விதை ஊர்விட்டு ஊர் பரவியது பெரும்பாலும் இவ்வழியில்தான். பொறுப்பை ஒருத்தியிடம் விடாமல் எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஐவர் குழுவாக வைத்தால், ஒருத்தி விலகும்போது மற்றொருத்தி பழகியிருப்பாள். "வயது வராதவர், அங்கத்தினராகமாட்டார்" என்பர் வேறு சிலர். உண்மையே. நாம் கேட்பது வாக்குரிமையன்று. நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் அளிக்கக்கூடிய ஒரு பொறுப்பே. பணமும் பொருளும் சங்கக் காரியதரிசியின் கணக்கிலேயே இருக்கட்டும்.

"படிப்பு கெடும்" என்ற மூன்றாம் ஆட்சேபமே கனமானது. அதற்கு நேர்மையாக விடை கூறவேண்டும். நெசவாளர் வீட்டுப் பெண் பள்ளியிலிருந்து திரும்பியதும் தார் சுற்ற உட்காருகிறாள். உழவர் வீட்டுப் பெண் தண்ணீர்க் குடமும் மாட்டுத் தீவனமும் எடுக்கிறாள். அவள் அண்ணனோ விளையாடப் போகிறான். இந்நிலையில் ஊர் விதையைக் காக்கும் சுமையையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு அதற்குத் தலைமை என்று பெயரிடுவது அநீதி. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பதிவேட்டுக்கென்று ஒதுக்கினால், அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டு வேலையிலிருந்து கழிக்கவேண்டும். கழித்ததை அண்ணன் செய்யவேண்டும். இதற்கு ஒப்பாத வீட்டார் இத்திட்டத்தைப் போற்றிப் பேசுவதால் பயனில்லை.

நெசவாளருக்கு இதில் என்ன ஆதாயம் என்று கேட்கலாம். அஸ்ஸாமில் காமரூப் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஹர்கிலா என்னும் பெருநாரையை மக்கள் அருவருத்து, அது கூடு கட்டிய மரங்களை வெட்டி வந்தனர். பூர்ணிமா தேவி பர்மன் என்ற அறிவியலாளர் அவ்வூர்ப் பெண்களைத் திரட்டி, அவர்களுக்குத் தறியும் நூலும் கிடைக்கச் செய்தார். அவர்கள் அப்பறவையின் உருவத்தையே துணியில் நெய்து விற்றனர். தாதரா, பச்சாரியா, சிங்கிமாரி ஆகிய ஊர்களில் 28-ஆக இருந்த கூடுகள் 250-க்கு மேல் பெருகின. 2022-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருது அளித்தது. பறவைக்குக் காவலும் தறிக்கு வேலையும் ஒரே ஏற்பாட்டில் கிட்டின. நமது ஊரின் பறவையும் பூவும் நமது சேலைக் கரையில் ஏறுவதற்கு வேண்டியது, அவற்றை அறிந்து வரைந்து தரும் இளங்கண்களே.

ஆகவே, நமது சங்கங்கள் செய்யவேண்டியவை சில. கிடங்கில் ஒரு பெட்டிக்கும் ஒரு மேசைக்கும் இடமளிக்கலாம். துணை விதிகள் இடந்தரும் அளவில் ஏட்டுக்கும் பானைக்கும் சிறு தொகை ஒதுக்கலாம். விதையைத் தானமாக அன்றிக் கடனாகவே வழங்கலாம். 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நடத்திய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை பெற்ற உழவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே ஏற்பாடு. கூட்டுறவாளர்க்கு இதனினும் எளிதில் விளங்கும் கணக்கு வேறில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் பரிமாறவும் உழவர்க்கு உரிமை அளிக்கிறது. உழவர் ரகங்களைப் பதிவு செய்யவும் வழி தருகிறது. பதிவுக்கு விவரம் கேட்கும்போது சிறுமியரின் ஏடு துணை நிற்கும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஊரின் மருந்துச் செடியும் அதன் பயனும் எழுதப்பட்ட ஏடு விலைமதிப்புடையது. கேட்டவர்க்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்தல் கூடாது. மேலாண்மைக் குழுவின் இசைவின்றி ஏடு வெளியே செல்லலாகாது என்பதைச் சிறுமியருக்கும் ஆசிரியருக்கும் முதல் நாளே அறிவுறுத்தவேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் பத்து நிமிடம் ஒதுக்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் வேண்டுகிறோம். கணக்கறிக்கை வாசித்து முடிந்ததும் ஊர்ப் பள்ளிச் சிறுமி ஒருத்தி எழுந்து, இவ்வாண்டு விதைப் பெட்டியில் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று வாசிக்கட்டும். கேள்வி கேட்கும் உரிமை அங்கத்தினர்க்கு உண்டு. விடை கூறும் உரிமை அவளுக்கு இருக்கட்டும்.