கடல் மீன் தொட்டி: விளக்கைக் கடைசியா வாங்குங்க

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் ஒரு சீட்டை நீட்டினார். ஏதோ ஒரு கடையில எழுதிக் குடுத்த லிஸ்ட். "கடல் மீன் தொட்டி வைக்கலாம்னு இருக்கேன் பாஸ். நீங்கதான் இதுல பழம் தின்னு கொட்டை போட்டவராச்சே, பார்த்துச் சொல்லுங்க"ன்னார். பழம் தின்னேனோ இல்லையோ, கொட்டை நிறையவே போட்டிருக்கேன் :-)

சீட்டில் இருந்தது இதுதான்: ஒண்ணரை அடி தொட்டி, நீலமும் வெள்ளையுமா எரியுற எல்.ஈ.டி. விளக்கு, புரோட்டீன் ஸ்கிம்மர், ஹீட்டர், ஒரு பை உப்பு, பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர், 'லைவ் ராக்' அஞ்சு கிலோ, நீமோ ரெண்டு, டோரி ஒண்ணு. கிட்டத்தட்ட பாதிப் பணம் விளக்குக்கே போகுது. சென்னையில முதல் தொட்டி வைக்கிறவருக்கு இதைவிட மோசமான லிஸ்ட்டை உக்கார்ந்து யோசிச்சு எழுதினாலும் எழுத முடியாது.

கடைக்காரரை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. இது குளிர் நாட்டுக்காரங்க பவளம் வளர்க்கப் போடுற லிஸ்ட்டின் ஏழைத் தம்பி. அவங்களுக்கு ஹீட்டர் அவசியம். பவளத்துக்கு வெளிச்சம் அவசியம். நமக்கு?

பவளத்தையே முதல்ல பேசிடுவோம். வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில 2001லயே பாறை கட்டும் பவளங்களைச் சேர்த்தாச்சு. கூடவே கடல் விசிறியும் கடல் குதிரையும் இருக்கு. அதாவது புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். கடலிலிருந்து பெயர்த்து வர்ற லைவ் ராக்கும் பவளப் பாறையின் துண்டுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சு காவல் போட்டிருக்கறது எதுக்காம்? அதைப் பெயர்த்து நம்ம வீட்டு ஹால்ல வைக்கறதுக்கா? பவளம் வேணாம்னு முடிவு பண்ணிட்டா அந்த விலையுயர்ந்த விளக்குக்கும் வேலை இல்லை. மீனைப் பார்க்க ஒரு சாதா எல்.ஈ.டி. பட்டை போதும். பாறைக்குப் பதிலா ஓட்டை ஓட்டையா இருக்கற செயற்கைப் பீங்கான் கல் வாங்கிக்கலாம். பாக்டீரியாவுக்குக் குடியிருக்க இடம் வேணும், அவ்வளவுதான்.

சரி, மிச்சமான பணத்தை எங்க போடணும்? தண்ணியில.

என் முதல் தொட்டியில ரெண்டு கோமாளி மீன் (நீமோவேதான்) செத்தது எப்படின்னு சொல்றேன். ஏ.சி. இல்லாத அறை, கோடைக்காலம். தொட்டி சின்னது, நாப்பது லிட்டர் சொச்சம். தினமும் தண்ணி ஆவியாகிக் குறையும். நானும் கடமையே கண்ணா உப்புத்தண்ணி கலந்து கலந்து ஊத்தினேன். ஆவியாப் போறது வெறும் தண்ணிதான், உப்பு உள்ளேயேதான் இருக்குங்கற எட்டாங்கிளாஸ் அறிவியல் எனக்கு அப்போ உறைக்கலை. பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் சமர்த்தா 1.024ன்னு காட்டிக்கிட்டே இருந்தது. மீன் ரெண்டும் மூலையில ஒதுங்கி மூச்சு வாங்க ஆரம்பிச்சப்புறம், வேறொருத்தரோட ரிஃப்ராக்டோமீட்டரைக் கடன் வாங்கிப் பார்த்தா 1.031. முள் மேல உப்பு படிஞ்சு கனமாகி, அது பாட்டுக்குக் குறைச்சே காட்டியிருக்கு. மறுநாள் காலையில ஒண்ணு போச்சு. சாயங்காலம் இன்னொண்ணு.

அதனால என் லிஸ்ட்டில் முதல் பொருள் ரிஃப்ராக்டோமீட்டர். அதோட 35 அளவுக்கு உப்பு கலந்த சரிபார்க்கும் திரவம் ஒரு சின்ன பாட்டில். ஒரு லிட்டருக்குச் சுமாரா 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025, 1.026 பக்கம். இதைக் கண்ணால பார்க்கத் தெரியாதவர் மீன் வாங்கவே கூடாதுன்னு சொல்வேன்.

ரெண்டாவது, பெரிய தொட்டி. 'சின்னதா ஆரம்பிக்கலாம்'ங்கறது நன்னீர்த் தொட்டிக்கே சரிப்படாது, இங்கே சுத்தமா சரிப்படாது. நாப்பது லிட்டரில் ரெண்டு லிட்டர் ஆவியானா உப்பு 35லருந்து 36.8க்குத் தாவிடும். அதே ரெண்டு லிட்டர் நூத்தியிருபது லிட்டரில் போனா 35.6தான். ரெண்டு அடி நீளம், ஒண்ணரை அடி அகலம், ஒண்ணரை அடி உயரம் வச்சா அந்த அளவு வந்துடும். தண்ணி எடையே 120 கிலோ, அதனால டி.வி. ஸ்டாண்டு மேல எல்லாம் ஏத்தி வச்சுடாதீங்க. கொளத்தூர் பக்கம் போனா சொன்ன அளவுக்குத் தொட்டி ஒட்டிக் கொடுப்பாங்க.

மூணாவது, தண்ணியும் உப்பும். ஊர்ல பாதிப்பேர் கேக்கற கேள்வி: "கடல் பக்கத்துலயே இருக்கு, மெரினாவுல ரெண்டு கேன் புடிச்சுட்டு வந்தா என்ன?" வடக்கே கூவம், தெற்கே அடையாறு, நடுவுல மெரினா. இதுக்கு மேல நான் சொல்லணுமா? அடுத்த கேள்வி: "கல்லுப்பு போட்டா ஆகாதா?" ஆகாது. உப்பளத்துல கடல் தண்ணி வத்தும்போது சுண்ணாம்புச் சத்து முதல்லயே தனியாப் படிஞ்சுடும், மெக்னீசியம் கடைசிக் கசப்பு நீரோட வடிஞ்சு போயிடும். நடுவுல வாரி எடுக்கறதுதான் நம்ம சாம்பார் உப்பு. மீன் தொட்டிக்குன்னே விக்கற கடல் உப்புதான் வேணும், 120 லிட்டருக்கு நாலரை கிலோவுக்குக் குறையாது.

கலக்கற தண்ணி ஆர்.ஓ. தண்ணியா இருக்கணும். அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வீட்டு ஆர்.ஓ. மிஷின் பலதுல, ருசிக்காகப் பச்சைத் தண்ணியையோ தாதுவையோ கொஞ்சம் திருப்பிக் கலந்து விடுவாங்க. டி.டி.எஸ். மீட்டரை விட்டுப் பார்த்தா வண்டவாளம் தெரியும். அதுக்கப்புறம் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டி, மீட்டர் பூஜ்யம் பக்கம் காட்டினாத்தான் நிம்மதி. ஆவியான அளவுக்கு ஊத்தறதும் இதே தண்ணிதான், உப்பு போடாம.

நாலாவது சூடு. கடல் மீனுக்கு 25லருந்து 27 டிகிரி சுகம். சென்னை மே மாசம் என்னன்னு உங்களுக்கே தெரியும், போதாக்குறைக்கு பம்ப்பு மோட்டார் வேற சூடு கிளப்பும். தண்ணி சூடாக ஆக அதுல ஆக்சிஜனும் குறையும். தண்ணி மேல படற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வச்சா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், புழுக்கமான நாள்ல அதுவும் இறங்காது. சில்லர் விலை அதிகம், ஒத்துக்கறேன். அதான் தொட்டியை மே மாசத்துல ஆரம்பிங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். மீன் இல்லாம வெறும் தண்ணியை ஓட்டி, மத்தியானம் தெர்மாமீட்டரைப் பாருங்க. ஃபேன் போட்டும் முப்பதுக்குக் கீழ வரலைன்னா, சில்லர் வாங்கக் காசு சேருங்க, இல்லை அந்த ஆசையை விட்டுருங்க.

அந்த ஓட்டற நேரமும் வீண் இல்லை. அம்மோனியா நைட்ரைட்டாகி நைட்ரேட்டாக மாற பாக்டீரியா வளரணும், நாலு ஆறு வாரம் ஆகும். மார்க்கெட்ல ஒரே ஒரு இறால் வாங்கித் தொட்டியில போட்டா வேலை ஆரம்பிச்சுடும் (நாத்தத்துக்கு வீட்டம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்க வேண்டியது தனி). கடல் தண்ணியோட பி.ஹெச். 8.2 பக்கம் இருக்கறதால நன்னீரைவிட அம்மோனியா இங்கே அதிக விஷம். அதனால டெஸ்ட் கிட்டில் கஞ்சத்தனம் கூடாது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டற வரைக்கும் மீன் கடைப்பக்கமே போகாதீங்க.

மத்ததெல்லாம் சில்லறை விஷயம். தண்ணியை நல்லா சுழட்டி விட ஒரு பவர்ஹெட். ஸ்கிம்மர் இந்த அளவுத் தொட்டிக்குக் கட்டாயமில்லை, வாரம் பன்னெண்டு லிட்டர் மாத்தினா போதும். பேட்டரியில ஓடற காத்து பம்ப்பு மட்டும் கட்டாயம். 2016 டிசம்பரில் வர்தா அடிச்சப்போ எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்லை. அன்னிக்கு மீனைக் காப்பாத்தினது அந்தச் சின்ன டப்பாதான்.

மீன் விஷயத்துல நண்பர்கிட்ட டோரியை அடிச்சுட்டேன். அது ஒரு அடி வளர்ற மீன், ரெண்டு அடித் தொட்டியில அது என்ன பண்ணும், பாவம்? நீமோ ரெண்டு இருக்கட்டும், ஆனா பண்ணையில பொரிச்சதான்னு கேட்டு வாங்குங்கன்னேன். மண்டபத்துல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மையத்துலயே கோமாளி மீனை இனப்பெருக்கம் பண்ணிக் காட்டியிருக்காங்க. கடல்ல வலை போட்டுப் புடிக்கணும்னு அவசியமே இல்லாத மீன் அது. கடல் தாமரை இல்லாமலும் சௌக்கியமா இருக்கும்.

நண்பர் சீட்டைத் திருப்பி வாங்கிப் பார்த்துட்டு, "லிஸ்ட்டுல பாக்கறதுக்கு அழகா ஒண்ணுமே இல்லையே பாஸ்"ன்னார். நான் என்ன சொல்ல?

பி.கு.: என் முதல் 'செட்'டோட வந்த ஹீட்டர் இன்னும் பெட்டி பிரிக்காம பரண்ல கிடக்குது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் யாராவது தொட்டி வைக்கறதா இருந்தா சொல்லுங்க, கூரியர் செலவு என்னோடது.