பேரு மாறினா ஓட்டும் போயிடுமா?

அமெரிக்காவின் டெக்சாஸில் 2013-ல் ஓட்டுப் போட போட்டோ அடையாள அட்டை கட்டாயமானது. அட்டையில் இருக்கும் பெயரும் வாக்காளர் பட்டியல் பெயரும் ஒத்துப்போகணும். அந்த அக்டோபரில் நீதிபதி சாண்ட்ரா வாட்ஸே சிக்கினார். லைசென்ஸில் நடுப்பெயராக இருந்தது கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், பட்டியலில் வேறு. 'நான்தான் அவர்' என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்ட பிறகே ஓட்டு. இந்தச் சட்டத்துக்காக கோர்ட்டில் நின்ற அட்டர்னி ஜெனரல் கிரெக் அபாட்டுக்கும் அதே நிலைமை!

இவர்களுக்கு ஒரு கையெழுத்தோடு முடிந்தது. பெயர் மொத்தமா மாறியிருந்தால்? தற்காலிக ஓட்டு போட்டுவிட்டு, 6 நாளுக்குள் ஆவணத்தோடு அலுவலகம் போகணும். லீவு கிடைக்காதவர் என்ன செய்வார்?

கல்யாணம், விவாகரத்து என்று பெயர் மாறுவது பெரும்பாலும் பெண்களுக்குத்தான். கள்ள ஓட்டைத் தடுக்கணும், சரி. ஆனால் கல்யாணப் பதிவு, லைசென்ஸ் இரண்டும் அரசு கையிலேயே இருக்கு. பொருத்திப் பார்க்கும் வேலையும் அரசோடதுதான்.