எடைக்குப் போன கத்திகள்

சில மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்கை வேயில் ஓர் அண்ணன் வீட்டு வரவேற்பறையில் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு பாய். பாயின்மேல் அவரவர் கொண்டுவந்த பழைய கத்திகள். மாதம் ஒருமுறை இப்படிக் கூடுவது எங்கள் வழக்கம். அன்று புதிதாக வந்த தம்பி ஒருவர் சிவப்புத் துணியைப் பிரித்து ஒரு வாளை வெளியே எடுத்தார்.

"சோழர் காலத்து வாள்ணே."

2,000 வெள்ளி கொடுத்து வாங்கியிருக்கிறார். பித்தளைப் பிடியில் அச்சில் வார்த்த கோடு அப்படியே தெரிந்தது. அலகில் ஏறியிருந்தது அமிலம் ஊற்றி வரவழைத்த துரு. நகத்தால் சுரண்டினால் ஆரஞ்சு நிறத்தில் பொடியாக உதிர்ந்தது. பழைய துரு அப்படி இருக்காது. கறுத்து, இரும்போடு இறுகிப்போயிருக்கும். பன்னிரண்டு பேரில் எட்டுப் பேருக்காவது இது தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணன் மட்டும் தம்பியின் தோளைத் தட்டி, "ரத்தத்துல இருக்குல்ல? நாம ஆண்ட பரம்பரை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த அண்ணன்மேல் கோபம் குறைவு. பழைய இரும்பை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தேங்காய் எண்ணெய் பூசாதே, பிசுக்காகிவிடும், தையல் மெஷின் எண்ணெய் போதும் என்றவர் அவர். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதே, நம் ஊர் ஈரத்தைத் தோல் குடித்து அலகுக்குக் கொடுத்துவிடும் என்றவரும் அவரே. வேலை போன மாதத்தில் கேட்காமலேயே பணம் கொடுத்து உதவினார். சேகரிப்பாளர் நட்பு என்பது வெளியே இருப்பவர்கள் நினைக்கிற மாதிரி வெறும் விற்பனை வாங்கல் இல்லை. ஆம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையில் ஒருவர் ஆசைப்படுகிற பொருளை இன்னொருவர் கண்டால் வாங்கி வைத்திருந்து கொடுப்பார். அப்படிப்பட்ட நட்பு. அதனால்தான் பொய்யைப் பொய் என்று சொல்ல முடியாமல் போகிறது. மனம் புண்படுமே என்று ஒரு தடவை சும்மா இருக்கிறோம். அடுத்த தடவை அதுவே சபையின் கொள்கையாகிவிடுகிறது.

இன்று எங்கள் பாயில் என்னென்ன இருக்கின்றன? வீச்சரிவாள்கள். "சோழர்" வாள்கள். வளரி என்ற பெயரில் தமிழ்நாட்டிலிருந்து வரும் புத்தம்புது மரத்துண்டுகள். ஒவ்வொன்றோடும் ஒரு சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது. புதிதாக வருகிற பையனிடம் கத்தியைப் பற்றிக் கேட்பதற்கு முன் "ஊர்ல நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிறார்கள். நாலு தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவனின் பேரப்பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்வி இது.

சரி, வளரியைப் பற்றியே பேசுவோம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி 1830இல் தன் நினைவுகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று அதில் எழுதியிருக்கிறார். 1795 வாக்கில் இருவரும் நண்பர்கள். சிவகங்கைக்குப் போனால் உபசரிப்பு, வேட்டை. 1801இல் அதே வெல்ஷ், மருது சகோதரர்களை வேட்டையாடிய படையில் இருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் அவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமியும் மற்றவர்களும் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டு நாடு கடத்தப்பட்டார்கள். எங்கே? பினாங்குக்கு. 1818இல் வெல்ஷ் பினாங்கு வந்தபோது நொடிந்துபோன ஒரு மனிதர் அவர்முன் வந்து நின்றார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. அது துரைசாமி.

வளரிக்கும் மலேசியாவுக்கும் இடையே எனக்குத் தெரிந்த உண்மையான கதை இதுதான். நம் கூட்டத்தில் வளரி வைத்திருக்கும் ஐந்து பேரில் ஒருவருக்கும் இது தெரியாது. ஆனால் வளரி எந்தச் சாதிக்குச் சொந்தம் என்பது மட்டும் ஐவருக்கும் தெரிந்திருக்கிறது. அதுவும், ஆங்கிலேயர்கள் சாதிப் பெயரை ஒட்டி எழுதிவைத்ததைப் பிடித்துக்கொண்டு.

சோழர் வாளுக்கு வருகிறேன். தஞ்சாவூர் அரண்மனையில் ஒரு பெரிய ஆயுதசாலை இருந்தது. கடைசி மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்தார். அரசு கம்பெனியின் கைக்குப் போனது. 1860களில் அந்த ஆயுதங்களில் நல்லதாகப் பொறுக்கியெடுத்துச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். எழும்பூரில் இன்றும் பார்க்கலாம். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக எடைக்குப் போட்டார்கள். நாயக்கர், மராட்டியர் காலத்துப் பொருளுக்கே இந்தக் கதி. அதற்கும் பல நூறாண்டுகள் முந்தைய வாள் ஒன்று, நம் சீதோஷ்ணத்தில் அழியாமல் தப்பி, கைப்பேசி வழியாக ஒருவர் விற்க வருகிறார் என்றால் நம்புவதற்கு வரலாறு வேண்டாம், ஆசை போதும்.

ஆனால் எடைக்குப் போன கத்தி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது தஞ்சாவூர் இல்லை.

எங்கள் பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்டு வீடுகள் எழும்பியபோது குடும்பம் சுங்கை வே பக்கம் வந்தது. 1972இல் இங்கே தடையற்ற வணிக வட்டாரம் திறந்த பிறகு தோட்டத்துப் பெண்பிள்ளைகள் எலக்ட்ரானிக் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அம்மாவும் அப்படிப் போனவர். சுற்றியிருந்த தோட்டங்கள் இன்று பெயராக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சீபோர்ட், எஃபிங்காம் என்று தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகைகளில் படிக்கலாம். பாட்டி கொண்டுவந்த சாமான்களில் அவருடைய பால்வெட்டுக் கத்தியும் இருந்தது.

இந்தக் கத்தியைச் சரியாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அமேசான் காட்டில் ரப்பர் எடுத்தவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினார்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ரிட்லி 1890களில் வேறொன்றைக் கண்டார். கொத்த வேண்டாம், பட்டையை மெல்லச் சீவி, அதே காயத்தை மறுபடி மறுபடி திறந்தால் பால் கூடுகிறது, மரமும் சாவதில்லை. மலாயாவின் ரப்பர் பணம் முழுக்க அந்தச் சீவலில் வந்தது. சீவுவதற்கென்றே வளைந்த முனையுள்ள கத்தி பிறந்தது. இழுத்து வெட்டுகிற ஒரு வகைக்கு ஜெபோங் என்று பெயர்.

பால் குழாய்கள் பட்டையின் உள்பக்கத்தில், மரத்தை வளர்க்கும் மெல்லிய திசுவுக்கு மிக அருகில் இருக்கின்றன. ஆழம் போதவில்லை என்றால் பால் வராது. ஒரு மில்லிமீட்டர் கூடிப்போனால் அந்தத் திசு காயப்பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். அந்த இடத்தில் திரும்ப வெட்ட முடியாது. குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஓடுவதால் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாக இறங்க வேண்டும், அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஒருமுறை சீவும் பட்டையின் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும் நேரத்தில், அதாவது விடிவதற்கு முன், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நானூறு ஐநூறு மரம். பாட்டி சொல்வார்: "மரத்துல காயம் பட்டா கிராணி சம்பளத்துல வெட்டிருவாரு."

அலகின் கூர்மையை இந்த அளவுக்குத் தெரிந்துவைத்திருந்த சமூகம் நாம். அந்தக் கத்தி நம் பாயில் இல்லை. ஏனென்றால் அதைப் பிடித்தவர்கள் ராஜாக்கள் இல்லை, பலர் ஆண்களும் இல்லை.

இங்கே ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெரால்ட் கார்ட்னர். மலாயாவில் ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்து, பிறகு சுங்கத் துறைக்குப் போனவர். 1936இல் கெரிஸ் பற்றியும் மற்ற மலாய் ஆயுதங்கள் பற்றியும் அவர் எழுதிய நூல் சிங்கப்பூரில் வெளிவந்தது. சேகரிப்பாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். (பிற்காலத்தில் இங்கிலாந்து போய் சூனியக்கார மதம் ஒன்றை நிறுவியவரும் இவர்தான், அது வேறு கதை.) தோட்டத்தில் இருந்தபோது தினமும் காலையில் அவர் கண்முன்னால் நூற்றுக்கணக்கான கத்திகள் போயிருக்கும். அவர் தேடியது கெரிஸை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது வெறும் கூலிச் சாமான். நமக்கும் அது கூலிச் சாமானாகவே தெரிவதுதான் எனக்கு உறைக்கிறது.

கெரிஸ் என்றதும் இன்னொன்று. 2005இல் அம்னோ இளைஞர் மாநாட்டு மேடையில் உறையிலிருந்து கெரிஸ் உருவி உயர்த்தப்பட்டது. நாம் கொதித்தோம். 2008 தேர்தலில் அடி வாங்கிய பிறகு அதற்கு மன்னிப்பும் கேட்கப்பட்டது. சிறுபான்மை என்ற வகையில் உயர்த்திய கத்தியின் பொருள் நமக்கு நன்றாகப் புரிந்தது. அதே நாம், சாதிச் சங்க அட்டையில் அருவாள் படம் போட்டால் "பண்பாடு" என்கிறோம். அந்த அருவாளைப் பார்க்கிற இன்னொரு தமிழனுக்கு அதன் பொருள் புரியாதா?

2001 மார்ச் மாதம். கம்போங் மேடான் எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். கலவரத்தில் ஆறு பேர் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். வெட்டுப்பட்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் பலர். எனக்கு அப்போது ஒன்பது வயது. தெருவில் பாராங் என்ற சொல்லையே குரல் தாழ்த்திச் சொன்னார்கள். போலீஸ் வீட்டுக்கு வீடு சோதனை போடப்போகிறது என்று யாரோ சொல்ல, அம்மா பாட்டியின் பால்வெட்டுக் கத்தியைப் பழைய பத்திரிகையில் சுற்றி இரவோடு இரவாகக் கால்வாயில் போட்டுவிட்டு வந்தார். பட்டை சீவுகிற கத்தி. அதை வைத்து யாரை வெட்ட முடியும்? ஆனால் கத்தி, தமிழன் வீடு, அந்த மாதம். அம்மா பயந்ததில் தவறில்லை. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தமிழ் இளைஞன் கையில் பாராங் என்பது இந்த நாட்டில் ஒரு படிமமாகவே ஆகிவிட்டது. 'ஜகாட்' படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுந்த காரணமின்றி ஆயுதத்தோடு வெளியே நடமாடினாலே குற்றம். எனவே கத்தி சேகரிக்கும் தமிழர்களுக்கு இங்கே கூடுதல் பொறுப்பு இருக்கிறது. நம் வீட்டுச் சுவரில் இருப்பது என்ன, யார் பிடித்தது, எதற்கு என்று நம்மால் சொல்ல முடிய வேண்டும். ஆண்ட பரம்பரைக் கதை அந்தப் படிமத்துக்குச் சட்டகம் போட்டு மாலை சாத்துகிறது.

உழைப்பைப் புனிதமாக்குகிறாயா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அம்மாவும் அதையே வேறுமாதிரி கேட்டார். ஒரு மலாய் நண்பர், நாங்கள் பாச்சிக் என்று கூப்பிடும் கெரிஸ் சேகரிப்பாளர், காப்பாரில் ஒரு சீனத் தவுக்கேயின் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் குவிந்துகிடந்த சாமான்களிலிருந்து ஒரு பால்வெட்டுக் கத்தியை எனக்காகப் பொறுக்கி வைத்திருந்தார். கெரிஸ்காரர்கள் விலை என்று சொல்ல மாட்டார்கள், 'மஹார்' என்பார்கள், கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுப்பதைச் சொல்லும் அதே வார்த்தை. அழகான வார்த்தைதான், ஆனாலும் பணம் பணம்தான். இதற்கு மஹார் எவ்வளவு என்று கேட்டேன். "உன் பாட்டியைப் பற்றிச் சொல், போதும்" என்றார். அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அம்மா கேட்டார்: "அந்தச் சனியன எதுக்குடா திரும்ப வீட்டுக்குள்ள கொண்டாற?" என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை அது என் அலமாரியில் இருக்கிறது, வரவேற்பறையில் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. புதிதாக வருகிறவனிடம் சாதியைக் கேட்காதீர்கள். போலியைப் போலி என்று அந்த இடத்திலேயே, நட்போடு சொல்லுங்கள். 2,000 வெள்ளி போனது போனதுதான், அடுத்த 2,000 மிஞ்சும். கிரைண்டரில் கொடுத்து அலகைப் பளபளப்பாக்காதீர்கள், தீட்டித் தேய்ந்த வளைவில்தான் அதைப் பிடித்தவரின் கை இருக்கிறது. பால்வெட்டுக் கத்தி, புல்வெட்டுக் கத்தி எது கிடைத்தாலும் எந்தத் தோட்டம், யார் கையில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கட்டி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

போன மாதக் கூட்டத்தில் அதைப் பாயில் வைத்தேன். தம்பி சிரித்தார். "இது கத்தியாண்ணே?" அண்ணன் அதைத் தாண்டி அடுத்த பொருளுக்குக் கையை நீட்டினார். மூலையில், நாலு வருடமாக வந்து பேசாமல் உட்கார்ந்திருந்து டீ குடித்துவிட்டுப் போகும் ஓர் அங்கிள் எழுந்து வந்து அதை எடுத்தார். எங்களில் யாரும் பிடிக்காத மாதிரி பிடித்தார், கட்டைவிரல் பிடியின் மேலே. இல்லாத ஒரு மரத்தில் இடது மேலிருந்து வலது கீழாக ஒரு இழுப்பு. பிறகு அலகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எவன்டா இதத் தீட்டுனது? கெடுத்து வச்சிருக்கான். வீட்டுல கல்லு இருக்கா?"