பாலைவனத்தில் நீந்தப் போகும் முன்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது டெக்சஸில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். காரை எடுத்துக்கொண்டு மேற்கே போகலாம், பிக் பெண்ட் பார்க்கலாம், வொயிட் சாண்ட்ஸில் பிள்ளைகள் மணலில் சறுக்கட்டும், வழியில் எங்காவது குளித்துக்கொள்ளலாம். பூங்காக்களைப் பற்றி ஆளுக்கு ஆள் நிறையப் படித்து வைத்திருப்பார்கள். குளிக்கப்போகும் இடத்தைப் பற்றி மட்டும் யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. தண்ணீர்தானே, எங்கே இருந்தால் என்ன என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாலைவனத்தில் ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனிப் பிறப்பு உண்டு, தனிக் குணம் உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டாலே, எந்த மாதம் போவது, எங்கே இறங்குவது, எங்கே கரையோடு நிறுத்திக்கொள்வது எல்லாம் தானாகத் தெளிவாகிவிடும்.

முதலில் மாதக் கணக்கு. நீச்சல் என்றால் கோடை என்பது நமக்கு ஊறிப்போன நினைப்பு. மேற்கு டெக்சஸும் தெற்கு நியூ மெக்சிகோவும் அடங்கிய சிகுவாகுவா பாலைவனத்தில் அதை அப்படியே மாற்றிப் போட வேண்டும். அங்கே வெயில் உச்சத்தில் இருப்பது மே, ஜூன் மாதங்களில்தான். ஜூலையில் மழை மேகம் வந்த பிறகு சூடு கொஞ்சம் தணியும். டெக்சஸ் பள்ளிகள் மே கடைசியில் மூடுகின்றன. ஆக, விடுமுறை விட்ட கையோடு கிளம்பும் குடும்பம் ஆண்டின் மிகக் கொடிய வாரங்களுக்குள் நேராகப் போய் விழுகிறது. ரியோ கிராண்டே ஓரத்துப் பள்ளங்களில் அப்போது 43 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. 2023 ஜூனில் பிக் பெண்டின் மலைப்பாதை ஒன்றில் 48 டிகிரி வெயிலில் ஒரு சிறுவன் மயங்கி விழுந்து இறந்தான். இதைச் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. நிழலே இல்லாத பாதையில் உடம்பு தாங்கும் அளவு எவ்வளவு சிறியது என்பது, குளிரூட்டிய காரிலிருந்து அப்போதுதான் இறங்குபவருக்குத் தெரிவதில்லை. அதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் குளிப்பது எப்போது? இங்கேதான் ஊற்று நமக்குக் கைகொடுக்கிறது. ஊரில் ஆழக் கிணற்றுத் தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் சித்திரை மதியத்தில் சில்லென்றும் படும் அல்லவா? தண்ணீர் மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்றுதான். நிலத்தின் ஆழத்திலிருந்து வரும் ஊற்றும் அப்படித்தான், ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். பால்மோரே மாநிலப் பூங்காவின் குளத்தில் அது 22 முதல் 24 டிகிரி செல்சியஸ். ஜூலையிலும் அதுவே, நவம்பரிலும் அதுவே. ஆகவே நீச்சலுக்காகக் கோடைவரை காத்திருக்கத் தேவையில்லை. மார்ச் மாத வசந்த விடுமுறையிலோ, அக்டோபர், நவம்பரிலோ போனால் மலையில் நிம்மதியாக நடக்கலாம், குளத்திலும் நீந்தலாம். என் கணிப்பில் இந்தப் பயணத்துக்கு நவம்பர்தான் முதல் தேர்வு. மார்ச்சில் வானிலை நன்றாக இருந்தாலும் பிக் பெண்டில் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

பால்மோரேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டேவிஸ் மலைகளின் அடிவாரத்தில், ஐ-10 நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர் அது. சுற்றிலும் முட்புதரும் வெளுத்த மண்ணும்தான். ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் சான் சாலமன் ஊற்று. நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி காலன், அதாவது ஐந்தரைக் கோடி லிட்டருக்கும் மேல், தரைக்கடியிலிருந்து பொங்கி வருகிறது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையற்ற இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அமைப்பின் ஆட்கள் இந்த ஊற்றைச் சுற்றிக் குளத்தைக் கட்டினார்கள். பரப்பு 1.3 ஏக்கர், ஆழமான இடத்தில் 25 அடி, கொள்ளளவு 35 லட்சம் காலன். வரத்தைக் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள்: ஒரு நாளில் குளத்துத் தண்ணீர் நான்கு முறைக்கு மேல் மாறிவிடுகிறது. குளோரின் இல்லாமலே தண்ணீர் பளிங்காக இருப்பதற்கு இதுதான் காரணம். வெளியேறும் நீர் வீணாவதும் இல்லை, வாய்க்கால் வழியே வயல்களுக்குப் பாய்கிறது.

படியில் காலை வைக்கும்போதே இது வழக்கமான நீச்சல் குளம் இல்லை என்று தெரிந்துவிடும். பாசி வழுக்கும். தண்ணீருக்குள் அசையாமல் நின்றால் சிறுமீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும். சின்னப் பிள்ளைகள் முதலில் அலறுவார்கள், பிறகு மேலே வரவே மாட்டார்கள். நடுவே ஆழத்தில் அடித்தளம் இயற்கையான மண்ணும் பாறையும்தான். நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் ஊற்று கிளம்பும் இடத்தில் மணல் குமிழ்ந்து புரள்வது தெரியும். உயிர்காப்பாளர் யாரும் பணியில் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. நடக்கும் ஆழத்திலிருந்து 25 அடிக்குப் போவது ஒரே குளத்துக்குள் என்பதால், நீச்சல் தெரியாத பிள்ளைக்கு மிதவைச் சட்டை அவசியம். ஒரு பெரியவர் கைப்பேசியை வைத்துவிட்டு அந்தப் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே விடும் ஆட்களுக்கு வரம்பு உண்டு. அனுமதியை முன்கூட்டியே பதிவு செய்யாமல் சனிக்கிழமை போய் நின்றால் வாசலோடு திரும்ப நேரிடலாம்.

மழையே அரிதான இடத்தில் இவ்வளவு நீர் எப்படி? பக்கத்து டேவிஸ் மலையில் பெருமழை பெய்தால் ஊற்றின் வரத்து கூடும், சிலசமயம் கலங்கலாகவும் வரும். அது ஒரு சிறு பங்கு. பெரும்பங்கு மேற்கே தொலைவிலிருந்து சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல நகர்ந்து வருவது என்றும், பனியூழிக் காலத்து ஈரமான பருவங்களில் பெய்த மழை அது என்றும் நீரின் வேதியியலை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இன்றைய மழை அதை ஈடுகட்டுவதில்லை. இந்த உண்மையின் கனத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எல்லா ஊற்றும் பால்மோரே போல் இதமாக இருக்கும் என்று நினைத்தால் நியூ மெக்சிகோவில் சாண்டா ரோசா ஊரின் ‘ப்ளூ ஹோல்’ திருத்திவிடும். வாய் 18 மீட்டர் அகலம், ஆழம் 24 மீட்டர், தண்ணீர் எந்நாளும் 16, 17 டிகிரி. வெளியே 38 டிகிரி வெயில் காயும்போது அந்த நீலத்தைப் பார்த்தால் கரையிலிருந்து குதிக்கத்தான் தோன்றும். அந்தக் குளிர் சட்டென்று பட்டவுடன் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். அந்த நேரம் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றல்ல, தண்ணீர். நல்ல நீச்சல்காரரும் தடுமாறும் இடம் இதுதான். முதலில் கால், பிறகு கை, பிறகு கழுத்து என்று நனைத்து, மூச்சு சீரான பின் இறங்கினால் பயமில்லை. குடும்பத்தோடு நிதானமாகக் குளிக்க ராஸ்வெல் அருகே உள்ள பாட்டம்லெஸ் லேக்ஸ் பூங்கா இதைவிட ஏற்றது. அங்கே லீ ஏரியில் நீந்த அனுமதி உண்டு. நிலத்தடியில் பாறை கரைந்து மேல்தரை இடிந்து விழுந்த பள்ளங்கள்தான் அந்த ஏரிகள் எல்லாம்.

பிக் பெண்டில் ரியோ கிராண்டேயைப் பார்த்ததும் இறங்கத் தோன்றும். சாந்தா எலெனா பள்ளத்தாக்கில் இரு பக்கமும் 1,500 அடிப் பாறைச் சுவர், நடுவே அமைதியான ஆறு. ஆனால் அங்கே நீந்த வேண்டாம் என்றுதான் பூங்கா நிர்வாகம் சொல்கிறது. கலங்கிய நீரில் அடியில் இருப்பது தெரியாது, இழுப்பும் மேலே தெரியாது, பல ஊர்களின் கழிவு கலந்து வரும் ஆறு அது. அக்கரை மெக்சிகோ என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அங்கே குளிக்க ஏற்றது, ஆற்றோரமாக உள்ள வெந்நீர் ஊற்று. 1909இல் ஜே.ஓ. லாங்ஃபோர்ட் என்பவர் உடல்நலம் தேடி வந்து அங்கே குடியேறினார். அவர் எழுப்பிய குளியல் கூடத்தின் அடித்தளம் மட்டும் இன்று ஒரு தொட்டி போல் நிற்கிறது. தண்ணீர் 40 டிகிரி. குளிர்கால விடியலில் அதில் உட்காருவது பெரும் சுகம், ஜூன் மதியத்தில் உட்காருவது வெயிலில் நடப்பதற்குச் சமமான ஆபத்து. இத்தகைய வெதுவெதுப்பான இயற்கை நீரில் மூளையைத் தாக்கும் நெக்ளேரியா என்ற அமீபா இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவாகவே அது தாக்குகிறது. ஆனால் தாக்கினால் பிழைப்பவர் அரிது. அது மூக்கு வழியாக மட்டுமே ஏறும். ஆகவே பிள்ளைகள் தலையை முக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். குளியலையே தவிர்க்க வேண்டியதில்லை.

கோடையில்தான் போக முடியும் என்ற குடும்பங்கள் என்ன செய்வது? நாளைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். நடையெல்லாம் விடியற்காலையில், பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். நடுப்பகலுக்கு ஊற்றுக்குளம், அல்லது ஆண்டு முழுக்க 13 டிகிரியில் இருக்கும் கார்ல்ஸ்பாட் குகை. பிக் பெண்டில் ஆற்றோரத்துக்கும் சிசோஸ் மலைமேட்டுக்கும் ஏறத்தாழ 10 டிகிரி வித்தியாசம் வரும் என்பதால் மேலேயே இருக்கலாம். எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், கிட்டத்தட்ட நான்கு லிட்டர். அது காரில் கிடந்தால் போதாது, நடக்கும்போது முதுகில் இருக்க வேண்டும். வொயிட் சாண்ட்ஸின் ஜிப்சம் மணல் வெறுங்காலுக்குச் சுடாது. அந்தக் குளுமையில்தான் பலர் ஏமாந்து நெடுந்தூரம் போய்விடுகிறார்கள். அங்கே பார்வையாளர் மையத்தை விட்டால் வேறெங்கும் குடிநீர் கிடையாது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்னொரு கவலை உண்டு. தலைக்கு மேலே வானம் வெளுத்திருக்கும். தொலைவில் மலையில் பெய்த மழை காய்ந்த ஓடை வழியே சுவர் போல வந்து சேரும். அரை அடி வேகநீர் பெரியவரைச் சாய்த்துவிடும், ஓரடி பல கார்களை மிதக்க வைத்துவிடும். சாலையின் தாழ்வில் தண்ணீர் ஓடினால் காத்திருங்கள், அல்லது திரும்புங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

நம்மவர்கள் பலர் விசாவில் இருப்பவர்கள், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள். பிக் பெண்டிலிருந்து வடக்கே வரும் சாலைகளிலும், வொயிட் சாண்ட்ஸிலிருந்து லாஸ் குரூசஸ் போகும் வழியிலும், ஐ-10இல் சியரா பிளாங்காவிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. நாட்டைவிட்டு வெளியே போகவில்லையே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது. குடியுரிமை இல்லாத, 18 வயது நிறைந்தவர்கள் தங்கள் ஆவணத்தைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பாஸ்போர்ட்டும் ஐ-94 நகலும் பெரியவர்களின் மாத்திரைப் பையோடு சேர்ந்தே இருக்கட்டும்.

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றது. பால்மோரேவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், அதே ஐ-10இல், ஃபோர்ட் ஸ்டாக்டன் இருக்கிறது. பெரும்பாலோர் பெட்ரோல் போட்டுக்கொண்டு கடந்துவிடும் ஊர். அங்கே கமாஞ்சி ஊற்று இருந்தது. சான் சாலமனைப் போல இரண்டு மடங்கு நீர் தந்தது, நாளுக்கு மூன்று கோடி காலனுக்கும் மேல். அதை நம்பி ஆறாயிரம் ஏக்கர் அளவில் விவசாயம் நடந்தது. 1940களின் பிற்பாதியில் ஊருக்கு மேற்கே நிலம் வைத்திருந்தவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுப் பெரிய பம்புகளால் இறைக்கத் தொடங்கினார்கள். ஊற்று தளர்ந்தது. ஊற்று நீரை நம்பியிருந்த பாசனக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தன் நிலத்துக்கடியில் இருக்கும் நீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம், அதனால் அடுத்தவருக்கு வற்றினாலும் அவர் பொறுப்பில்லை என்பது டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1904இல் ஏற்ற விதி. அதன்படி 1954இல் எல் பாசோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இறைத்தவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 1961இல் ஊற்று நின்றது.

அந்த ஊற்றின் பெயரைத் தாங்கிய மீன் ஒன்று உண்டு. கமாஞ்சி ஸ்பிரிங்ஸ் பப்ஃபிஷ், விரல் நீளம்கூட இராது. தன் பெயருக்குரிய இடத்தில் அது அழிந்துபோனது. இன்று இயற்கையில் அது பிழைத்திருப்பது பால்மோரேயின் ஊற்றுகளிலும் வாய்க்கால்களிலும் மட்டுமே. அங்கேயும் ஓர் ஊற்று, ஃபான்டம் லேக், தானாகப் பாய்வதை நிறுத்திவிட்டது. மீனுக்காகப் பம்பு வைத்து நீர் கொடுக்கிறார்கள். பனியூழிக் காலத்து மழையை நம் காலத்து மோட்டார் எவ்வளவு வேகமாக இறைத்துவிடும் என்பதை இந்த 80 கிலோமீட்டரில் கண்ணால் பார்க்கலாம். டெக்சஸில் வாக்குரிமை பெற்றுவிட்ட தமிழர்கள் இப்போது நிறையப் பேர். நிலத்தடி நீர் சட்டம் தங்களுக்குத் தொடர்பில்லாத பண்ணையார் விவகாரம் என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே ஃபோர்ட் ஸ்டாக்டனில் பெட்ரோல் போட நிற்கும்போது இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கி, ஊருக்குள் ரூனி பூங்காவுக்குப் போங்கள். 1930களில் ஊற்றின் மேல் கட்டிய நீச்சல் குளம் இன்னும் இருக்கிறது, அதற்கு இப்போது வேறு வழியில் தண்ணீர் நிரப்புகிறார்கள். ஊற்றுக் கண்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 1980களின் பிற்பாதியிலிருந்து சில குளிர்காலங்களில், வயல்களுக்கு இறைப்பது ஓய்ந்திருக்கும் மாதங்களில், அந்தக் கண்களில் மறுபடி நீர் வருகிறது. ஜனவரி, பிப்ரவரியில் போகிறவர்களுக்கு அது காணக் கிடைக்கலாம்.