திறக்கும் கூரைன்னாங்க... ஓட்டைக் கூரை ஆச்சு!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். ஸ்டேடியத்தைக் கட்டிப் பார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். சந்தேகமா? கனடாவில் மாண்ட்ரீல் ஊர்க்காரரைக் கேளுங்க.

1976-ல் அங்கே ஒலிம்பிக். அதற்காகக் கட்டினார்கள் ஒரு பிரமாண்ட ஸ்டேடியம். ஓட்டப்பந்தயம், கால்பந்து, பேஸ்பால், கண்காட்சி எல்லாம் ஒரே இடத்தில். பக்கத்தில் 165 மீட்டர் சாய்ந்த கோபுரம். அதிலிருந்து கம்பி வடங்கள் இழுத்தால் துணிக்கூரை குடை மாதிரி சுருங்கி மேலே போகும். வெயிலடித்தால் திறக்கலாம். பனி கொட்டினால் மூடலாம். கேட்கவே ஜோர்!

முதலில் சொன்ன கணக்கு 13 கோடி டாலர் சொச்சம். நஷ்டம் வருமா என்று கேட்டதற்கு, ஆம்பளை பிள்ளை பெற்றால்தான் ஒலிம்பிக்கில் நஷ்டம் வரும் என்கிற தினுசில் பதில் சொன்னார் மேயர் ழான் டிராபோ.

நடந்தது என்ன? பந்தயம் முடிந்தபோது கோபுரமே அரைகுறை. கூரை ஏறியது 1987-ல். அதுவும் மொத்தம் 88 தடவைதான் திறந்து மூடியது. காற்றடித்தால் கிழிசல். 1998-ல் திறக்காத புதுத்துணி போட்டார்கள். அடுத்த ஜனவரியிலேயே பனி பாரம் தாங்காமல் கிழிந்தது. கார் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த தொழிலாளர் தலையில் பனிக்கட்டி கொட்டியது!

சிகரெட்டுக்கு வரி!

பில் யார் தலையில்? கியூபெக் மாகாண சர்க்கார் சிகரெட் மேல் வரி போட்டு வசூல் பண்ணியது. வட்டியும் முதலுமாக 100 கோடி டாலருக்கு மேல் போய், கடன் தீர்ந்தது 2006-ல். ஒலிம்பிக் வருஷம் பிறந்த பிள்ளை வளர்ந்து ஆளாகி, கடையில் சிகரெட் வாங்கி அந்தக் கடனைக் கட்டியிருக்கு! அங்கே ஆடிய பேஸ்பால் டீம்கூட 2004-ஓடு ஊரைக் காலி பண்ணிவிட்டது.

கூரை ஒழுங்காகத் திறந்தால் மட்டும் லாபமா? அதே நாட்டில் டொராண்டோ ஸ்டேடியம் 1989-ல் திறந்தது. இரும்புக் கூரை. 20 நிமிஷத்தில் திறக்கும். செலவு 57 கோடி டாலர் சுமாருக்கு. 2004-ல் விலை போனது இரண்டரைக் கோடிக்கு!

இப்போது மாண்ட்ரீலுக்கு இன்னொரு கூரை. 2024-ல் அறிவித்தார்கள். 87 கோடி டாலர். இது திறக்குமா? திறக்காது!

தண்டச் செலவு என்று சிலர் கத்துகிறார்கள். நான் கத்த மாட்டேன். இடிக்கவே 200 கோடி ஆகும் என்கிறது சர்க்கார். பனி கொட்டும் ஊரில் ஒழுகாத கூரை இருந்தால் குளிர்காலத்திலும் வாடகை வரும். இந்தப் புத்தி 50 வருஷம் முன்னாடியே வந்திருக்கணும் என்பதுதான் என் வருத்தம்.

வருஷத்தில் எத்தனை நாள் திறப்பாய், கிழிந்தால் யார் தைப்பது என்று அன்றைக்கே யாராவது உலுக்கிக் கேட்டிருக்கணும். பந்தயம் 16 நாள். கடன் 30 வருஷம். இந்தக் கணக்கை டெண்டர் விடும் முன்னாடி போடுங்க ஐயா!