யாருடைய உடம்பை வைத்து அளந்தீர்கள்?

"எல்லாம் வரம்புக்குள்தாம்மா இருக்கு." என் அம்மா மூச்சுக்குத் தவித்துக் கிடந்த நாட்களில், நாங்கள் போய் நின்ற வாசலிலெல்லாம் இதைத்தான் சொன்னார்கள். காற்றா? வரம்புக்குள். சாக்கடை வாடையோடு குழாயில் வருகிற தண்ணீரா? அதுவும் வரம்புக்குள். அம்மாவின் நெஞ்சுதான் எந்த வரம்புக்கும் அடங்காமல் இழுத்தது. ஒரு விடியற்காலையில் நின்றும் போனது.

நான் தாராவியில் பிறந்தவள். கல்யாணமாகி வித்யாவிகாரில் தான்சா பைப்லைன் ஓரம் குடிசை போட்டோம். 2017-ல் அதை இடித்து, செம்பூரைத் தாண்டி மாஹுலில் கொண்டுபோய் இறக்கினார்கள். சுற்றிலும் எண்ணெய் ஆலை, ரசாயனக் கிடங்கு, புகைக்கூண்டு. பில்டிங்கில் வீடு கொடுத்தாச்சே, இன்னும் என்ன வேணும் என்று கேட்டார்கள்.

2013-லேயே கே.இ.எம். மருத்துவமனை அங்கே ஆய்வு செய்திருந்தது. மாஹுல், அம்பாபாடா மக்களில் 67 சதவீதம் பேருக்கு மாதம் மூன்று தடவைக்கு மேல் மூச்சுத் திணறுகிறது என்று சொன்னது. 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அங்கே வாழ்பவர்களின் உடல்நலத்துக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதானே எங்களைக் கொண்டுபோனீர்கள்? தெரியாமல் செய்தால் தவறு. தெரிந்தே செய்தால் அதற்கு என்ன பெயர்?

அம்மா போன பிறகு, இந்த வரம்பையெல்லாம் யார்தான் எழுதுகிறார்கள் என்று தேடினேன். தேடல் மாஹுலோடு நிற்கவில்லை. எங்கள் பக்கத்திலேயே டிராம்பே. அங்கே அணுசக்தி நகரில்தான் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமை அலுவலகம். யுரேனியச் சுரங்கத்துக் கழிவில் கதிரியக்கம் எவ்வளவு வெளியே போகலாம் என்று தீர்மானிக்கிறவர்கள் எங்களுக்கு அக்கம்பக்கத்தார்! அவர்கள் எழுதும் எண்ணோடு வாழ்கிறவர்களோ எங்கோ ஜார்க்கண்டில், ஜாதுகுடாவில் இருக்கும் சந்தால், ஹோ ஆதிவாசிகள்.

1967-லிருந்து அங்கே தோண்டுகிறார்கள். ஆயிரம் கிலோ பாறையை அரைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் சேறாகிக் கழிவுக் குளத்துக்குப் போகிறது. அதில் தெளிந்த நீரைச் சுத்திகரித்து, ஒரு பகுதியை வெளியே விடுகிறார்கள். அது காரா ஆற்றில் சேர்ந்து சுவர்ணரேகைக்குப் போகிறது. யுரேனியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரேடியம் எலும்பில் போய் உட்காரும். அந்த ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருஷம் ஆகும். சுரங்கத்தை மூடிவிட்டுப் போன பிறகு காவல் காக்க யார் இருப்பார்கள்?

2006 டிசம்பரில் ஜாதுகுடா அருகே டுங்ரிடியில் கழிவுக் குழாய் வெடித்து, நச்சுச் சேறு மணிக்கணக்காக ஓடைக்குள் கொட்டியது. சுரங்கக் கம்பெனிக்குத் தகவல் சொன்னதே கிராமத்து ஜனங்கள்தான். அந்தக் கிராமத்தில் இருந்தவர்கள் யார் தெரியுமா? கழிவுக் குளத்துக்காக நிலத்தைப் பறிகொடுத்து இடம் மாறிய குடும்பங்கள். படித்தபோது என் அடிவயிறு பற்றி எரிந்தது. ஒரு தடவை பிடுங்கியவர்களையே மறுபடியும் விஷத்தின் வாயில் உட்கார வைக்கிறீர்களே! நாங்கள் என்றால் உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா?

வரம்பு என்கிறீர்கள். குடிநீரில் யுரேனியம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது என்று 2004-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அதே வருஷம் நம் வாரியம் 60 வரை போகலாம் என்றது. 2011-ல் உலக நிறுவனம் 30 ஆக்கியது. பிறகு நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 30 என்றே எழுதியது. அப்படியானால் நடுவில் 45, 50 என்று குடித்தவர்களுக்கு என்ன பதில்? அன்றைக்கு அது பாதுகாப்பு, இன்றைக்கு ஆபத்தா? சிறுநீரகத்துக்கு உங்கள் அரசாணை தெரியுமா?

லிட்டருக்கு இவ்வளவு என்று எழுதினால் போதுமா? நல்ல தண்ணீரைக் கலந்துவிட்டால் எண் இறங்கிவிடும். ஆற்றில் போய்ச் சேரும் மொத்த விஷம் இறங்குமா?

ஜாதுகுடாவில் தோண்டுகிற கம்பெனி அணுசக்தித் துறையின் கீழே. வாரியம் பதில் சொல்லி வந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவரும் துறையின் செயலாளரும் ஒருவரேதான் என்று காலகாலமாக நடத்தினார்கள். ஜாதுகுடா மக்களுக்குப் பாதுகாப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். 2004-ல் அதே ஆணையத்தின் பிரமாணப் பத்திரத்தை ஏற்று வழக்கு தள்ளுபடியானது. நாடு முழுமைக்குமான பாதுகாப்புக் கொள்கையை எழுதும்படி 1983-லேயே பணித்தும் வாரியம் எழுதவில்லை என்று 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே குற்றம் சொன்னார். கொள்கையே எழுதாதவர்கள் எங்கள் உடம்பின் தாங்கும் அளவை மட்டும் எப்படி எழுதினீர்கள்?

மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மும்பைக்கு வெளிச்சம் வேண்டும், எனக்கும் வேண்டும். ஆனால் அதற்கான விலையை ஏன் எப்போதும் ஆதிவாசியும் குடிசைக்காரனும் மட்டுமே கட்ட வேண்டும்?

துறையின் கைக்குள் இல்லாத ஒருவர் அளக்கட்டும். லிட்டர் கணக்கோடு, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்ற கணக்கும் வரட்டும். காரா ஆற்றின் அளவை மாதாமாதம் அங்குள்ள மக்களின் மொழியில் ஊர் நடுவே எழுதிப் போடுங்கள். எண்ணை எழுதும் முன் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள்.

என் அம்மாவை யாரும் கேட்கவில்லை. இன்னொரு வீட்டு அம்மாவையாவது, அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்பீர்களா?